ஐஸ் பெட்டிக்குள் நாற்பத்தொரு பேரின் மச்சங்கள்

2002-ம் வருடம், அரையாண்டு விடுமுறை. கொல்லிமலையில் செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து, பள்ளிக்கு வந்து இறங்கிய ஒரே கம்ப்யூட்டருக்கும் என்னையே பொறுப்பாக்கிவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகும் நாற்பத்தொரு பிள்ளைகளின் பட்டியலை அந்த வருடம் ஃப்ளாப்பியில் போட்டு நாமக்கல் கல்வி அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் இருந்தன. இல்லாதது அங்க அடையாளம். ஆளுக்கு இரண்டு மச்சமோ தழும்போ எழுத வேண்டும். ஒரு வாரம் அதே வேலையாக இருந்தேன். பெண் பிள்ளைகளை நான் பார்த்தேன். பையன்களைப் பார்க்க எங்கள் வாட்ச்மேன் அண்ணனை வைத்துக்கொண்டேன். அவர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு தழும்புக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. "இது பலாமரத்துல இருந்து உழுந்ததுங்க டீச்சர். இது அவங்க அண்ணன் அருவாள வீசுனது, வேணும்னு வீசலைங்க." ஒரு பையனுக்கு முழங்காலில் ஒரு தழும்பைத் தவிர உடம்பில் ஒரு பொட்டு மச்சம் கூட இல்லை. முக்கால் மணி நேரம் தேடி, காது மடலுக்குப் பின்னால் ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டு பேரும் புதையல் எடுத்த மாதிரி சிரித்தோம்.

துண்டுச் சீட்டுகளில் குறித்து வைத்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போனார்கள். தலைமை ஆசிரியரும் கிளம்பினார். போகும்போது, "அந்தத் துண்டுச் சீட்டுகளைப் பத்திரமா வைங்கம்மா" என்றார். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு காகிதம் எதற்கு என்று எனக்குள் ஒரு சிரிப்பு. மறுநாள் காலை குளிரில் வெந்நீர் அடுப்பு பற்றவில்லை. சீட்டுக் கட்டைத் தூக்கி வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தேன். "வேண்டாமுங்களா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்று இரண்டு தடவையும் சொன்னேன். வெந்நீர் நன்றாகவே காய்ந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பட்டியலை ஃப்ளாப்பிக்கு மாற்ற உட்கார்ந்தேன். ஃப்ளாப்பியைச் செருகியதும் கரண்ட் போனது. வாட்ச்மேன் அண்ணன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ 'டிஸ்க் எரர்' என்று வந்து நின்றது. அணைத்துப் போட்டேன். அதே எழுத்து. பத்துத் தடவை போட்டேன். பத்துத் தடவையும் அதே எழுத்து.

பட்டியல் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அந்த நிமிடம் எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர் அவர்தான். "மெயினை யாருண்ணே தொடச் சொன்னது? நீங்க பண்ணின வேலையில எல்லாமே போச்சு" என்று சமையல்கார அம்மா முன்னாலேயே கத்தினேன். கரண்ட் போனால் மெயினை அணைத்துவிடுங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அது அப்போது எனக்கு நினைவில்லை. அவர் அதை நினைவுபடுத்தவும் இல்லை.

பட்டியலைக் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். பிள்ளைகள் மலையில் பெரக்கரை நாடு வரைக்கும் பத்திருபது ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். பாதி ஊர்களுக்கு நடந்துதான் போக வேண்டும். தேடிப்போய் மறுபடி மச்சம் பார்க்க ஒரு வாரம் போதாது. தலைமை ஆசிரியருக்கு போன் போட்டு, "சார், மச்சத்தை நாமே ஒரு உத்தேசமா எழுதிடலாமா?" என்று கேட்டேன். "பரீட்சை ஹால்ல அந்த மச்சத்தைத் தேடுவாங்கம்மா" என்றார். சேந்தமங்கலத்தில் டி.வி., ரேடியோவோடு கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் இருப்பதாகச் சொல்லி வழியும் சொன்னார்.

சனிக்கிழமை முதல் பஸ். கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, வாட்ச்மேன் அண்ணன் தோளில் சுமந்து வந்து ஏற்றிவிட்டார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பதினைந்தாவது வளைவில் எனக்குத் தலை சுற்றியது. இருபதாவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர் பெட்டியை வாங்கிக் கீழே வாழைத்தார்களுக்கு நடுவில் வைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் அது இந்தப் பக்கம் ஓடி ஒரு 'டொம்', அந்தப் பக்கம் ஓடி ஒரு 'டொம்'. முன் சீட்டில் இருந்த ஒருவர் பரிதாபப்பட்டு அதன்மேல் காலை வைத்து நிறுத்தினார். உள்ளே என்ன என்று கேட்டார். சொன்னேன். அவசரமாகக் காலை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டார். பெட்டி மறுபடி ஓடியது.

பாய் கடை அவர் வீட்டு முன்அறைதான். போர்வையைப் பிரித்தவர் பெட்டியின் முகத்தைப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். ஃப்ளாப்பி வெளியே வந்து விழுந்தது.

"இது உள்ளயே இருந்துச்சுங்களா டீச்சர்?"

"ஆமாம்."

"ஃப்ளாப்பி உள்ள கெடந்தா கம்ப்யூட்டரு அதுலதான் மொதல்ல தேடும். ஒண்ணும் இல்லீன்னா எரர்னு சொல்லும். இத எடுத்துட்டுப் போட்டிருந்தா அங்கயே ஓடியிருக்குமுங்க."

ஹார்ட் டிஸ்க் போகவே இல்லை. எனக்கு வெட்கத்தைவிட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. "அப்ப சரியாப் போச்சா பாய்?" என்றேன். அவர் ஸ்விட்சைப் போட்டார். உள்ளேயிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று சத்தம் வந்தது. காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"மலையில நல்லாத்தான் இருந்திருக்கோணும். பஸ்ஸுல எப்பிடிக் கொண்டாந்தீங்க?"

வாழைத்தார் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்று கஷ்டப்பட்டார். கெடாத ஹார்ட் டிஸ்க்கை எழுபது வளைவு இறக்கிக் கொண்டுவந்து கெடுத்திருக்கிறேன். கடை ஸ்டூலிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

அழுகைச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். பாய் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "உள்ள ஏதோ புடிச்சிக்கிச்சுங்க. குளுமையில வெச்சா இரும்பு சுருங்கும், புடிச்சது சில சமயம் விடும்னு சேலத்துல ஒருத்தர் சொன்னாரு. நான் இதுவரைக்கும் செஞ்சு பாத்ததில்ல. ஊட்ல ஃப்ரீசர் இருக்குது. ஆனா அது எனக்குச் சொந்தமில்ல."

அந்த ஃப்ரீசரில் சேமியா ஐஸ் போட்டுத் தெருவுக்கே விற்பவர் அந்த அம்மா. "என்னோட ஐஸுக்கு நடுவுல இரும்பா?" என்று கேட்டவர், என் கண்ணைப் பார்த்ததும், பாய் கழற்றிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கினார். காற்றுப் புகாமல் இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டார். ஆட்டு ஈரலை ஒதுக்கி, ஐஸ் குச்சிகளுக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைத்தார். ஐஸ் கேட்டு வந்த ஒரு அம்மாவிடம், "பொட்டியத் தொறக்கப்படாது, டீச்சரோட சரக்கு உள்ள இருக்குது. மத்தியானத்துக்கு மேல வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

இரண்டு மணி நேரம் கழித்து, பாய் அதைத் துடைத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிக் சத்தம் இல்லை. திரையில் என் ஃபோல்டர் தெரிந்தது. "சூடானா மறுபடி நின்னுரும். எந்த ஃபைலுங்க, சொல்லுங்க" என்றார். அங்கே நான்கு ஃபைல்கள் இருந்தன. லிஸ்ட், லிஸ்ட் புதுசு, லிஸ்ட் கடைசி, லிஸ்ட் நிஜக்கடைசி. எல்லாம் நான் வைத்த பெயர்கள்தான். எது சரியானது என்று எனக்குத் தெரியவில்லை. முதலாவதைத் திறக்கச் சொன்னேன். மச்சங்கள் பாதிதான் இருந்தன. இரண்டாவதைத் திறக்கச் சொன்னேன். படித்துக்கொண்டிருக்கும்போதே 'டிக்' என்றது. திரை உறைந்து நின்றது.

பாய்க்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "தொறந்து தொறந்து பாக்க இதென்ன கல்யாண ஆல்பமாங்க? நாலையும் மொத்தமா எடுத்துட்டு அப்பறம் பாக்கலாமில்ல?"

மறுபடி ஃப்ரீசர். அந்த அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். எனக்கு இறங்கவில்லை. "சாப்புடு கண்ணு. நீ பட்டினி கெடந்தா அது சீக்கிரம் குளுந்துருமா?" என்றார். அதற்குப் பிறகு நன்றாகவே சாப்பிட்டேன்.

இந்த முறை மூன்று மணி நேரம் வைத்தோம். மாட்டியதும் பாய் என்னை எதுவும் கேட்கவில்லை. நான்கு ஃபைலையும் ஒன்றாகப் பிடித்துத் தன் கம்ப்யூட்டருக்கு இழுத்தார். நாங்கள் மூன்று பேரும் திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் டிக் சத்தம் வந்தது. அதன்பிறகு அந்த ஹார்ட் டிஸ்க் எழவே இல்லை. ஆனால் நிஜக்கடைசியில் நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள், காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் உட்பட. பாய் அதைத் தனித்தனியாக மூன்று ஃப்ளாப்பியில் போட்டு, பேப்பரிலும் அச்சடித்துக் கொடுத்தார். "இந்தப் பேப்பர அடுப்புல போட்டுறாதீங்க" என்றார். சோறு சாப்பிடும்போது அவர் மனைவியிடம் நான் உளறியிருந்தேன்.

சேந்தமங்கலத்தில் ஒரு தோழி வீட்டில் தங்கி, திங்கட்கிழமை காலை நாமக்கல்லில் பட்டியலைக் கொடுத்துவிட்டு மலை ஏறினேன். பஸ் நிறுத்தத்தில் வாட்ச்மேன் அண்ணன் பெட்டியைத் தூக்க நின்றிருந்தார். பஸ் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அண்ணே, நீங்க எதையும் உடைக்கல. ஃப்ளாப்பியை எடுக்க மறந்தது நான். பஸ்ஸுல போட்டு உடைச்சதும் நான். மெயினை அணைக்கச் சொன்னதும் நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பிடீங்களா டீச்சர்? நானும் மூணு நாளா சுச்சுக்கு முன்னால போய் நின்னு, எப்பிடி ஒடைச்சிருப்பேன்னு மறுக்கா மறுக்கா அமுத்திப் பாத்துக்கிட்டே இருந்தேனுங்க" என்றார்.

இத்தனை வருடமாக எந்தக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னாலும் ஃப்ரீசர் இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான். ஆனால் ஏதாவது ஒன்று கெட்டுப்போய், "யார் செஞ்சது?" என்று கேட்க வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், செய்யாத தவறைத் தன் கையில் தேடிக்கொண்டு சுவிட்சுக்கு முன்னால் நிற்கும் ஒரு மனிதர் கண்முன் வந்துவிடுகிறார். கேள்வியை விழுங்கிவிட்டு, நான் என்ன செய்தேன் என்பதை முதலில் பார்க்கிறேன்.