அண்ணன் போன வழியில் நான்கு முட்டைகள்

எங்கள் அண்ணன் மறைந்து இன்று பதினாறாம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரையாவது அவர் என்றைக்கோ ஒரு விடியற்காலையில் போன் செய்து எழுப்பியிருப்பார். அதற்காக அவருடைய ஒரே தங்கையான நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி வெள்ளாமை பார்த்த ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவர் அண்ணன். அப்பா காலமானதும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, நாரணாபுரத்துக்கு வந்து பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் விருதுநகரில் கட்டிக் கொடுத்ததும் அந்த உழைப்புதான். போர்மேனாக உயர்ந்த பிறகும் கம்பெனி வேனில் ஏறவே மாட்டார். இரண்டு மைல் காட்டுவழி நடைதான். வெடிமருந்து வாடை மேலே படிவதற்கு முன்னால் ஏதாவது ஒரு உயிரைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குள் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும் என்று மூச்சிரைக்கப் பேசுவார். "ஏ புள்ள, நரி! நெசமா நரிதான்! வாலு எம்புட்டு நீளம் தெரியுமா? என்னயப் பாத்துட்டு அப்படியே நின்னுச்சு. சரி, கேட்டு வந்திருச்சு, வைக்கேன்." ஒரு நாள் கவுதாரி ஒன்பது குஞ்சோடு பாதையைக் கடந்தது. ஒரு நாள் உடும்பு. பனங்காடை சிறகை விரித்தபோது தெரிந்த நீலத்தை மட்டும் ஒரு வாரம் சொன்னார். விடியற்காலையில் போன் அடித்தாலே என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "ஒங்க அண்ணன் கீரியப் பாத்தா நமக்கு உசுரு போகுது" என்பார். ஆனால் ஸ்பீக்கரில் போடச் சொல்வதும் அவர்தான்.

அண்ணன் கடைசியாகச் சொன்னது ஆள்காட்டிக் குருவியின் முட்டைகளைப் பற்றி. மயானத்துக்குப் போகும் பாதையோரத் தரிசில், வெறும் தரையில், கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். ஆடு மிதித்துவிடாமல் சுற்றிலும் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். "பொரிக்கிற வரைக்கும் அங்கன ஒரு சத்தம் கேக்கப்படாது புள்ள" என்றார். மூன்றாம் நாள் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டார்.

கூட வேலை பார்த்தவர்கள் ஒரு லோடு வெடி கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லோரும் அவரிடம் தொழில் பழகியவர்கள். ஊரே அதிர வழியனுப்ப வேண்டும் என்ற பாசம். எனக்கோ நினைப்பெல்லாம் அந்த முட்டைகள் மேல். அங்கே சரம் வெடித்தால் குருவி முட்டையை விட்டுப் போய்விடும். தாய்மாமாவிடம் போய், வெடி வேண்டாம் என்றேன்.

"பட்டாசுக் கம்பெனி போர்மேன் சாவுக்கு வெடி இல்லையா? நாலு பேரு என்ன பேசுவாக தாயி? அதுவும் ஒரு குருவிக்காகவா?" என்று துண்டை உதறினார்.

"பேசட்டும் மாமா. அண்ணன் கேட்டது அது ஒண்ணுதான். அதக் கலைச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவருக்குக் காரியம் செய்ய?"

அழுதுகொண்டே கத்திவிட்டேன். அண்ணி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி, "ஏலே, லோடத் திருப்பி ஏத்துங்கலே" என்றார்.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். ஊர்வலம் கண்ணுக்கு மறைந்த பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வெடிச்சத்தம் இல்லை. ஊர்வலம் தரிசுப் பக்கம் போனதும் ஆள்காட்டி மட்டும் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. அப்போதுதான் நான் உடைந்து அழுதேன்.

துக்கத்தில் துணை நின்ற உறவுகளுக்கும், ஆசையாகக் கொண்டுவந்த வெடியை முகம் சுளிக்காமல் திருப்பி ஏற்றிய கம்பெனித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் தரிசுக்குப் போனேன். முள்ளுக்குள் முட்டைகளைக் காணோம். பதறிப்போய்த் தேடினால், நெட்டைக் கால்களோடு மூன்று குஞ்சுகள் தத்தித் தத்தி ஓடுகின்றன! உடனே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, குஞ்சு! மூணு குஞ்சு!"

"மூணா? நல்லாப் பாரு தாயி, நாலு. நான் தெனமும் அங்கன வந்து பாத்துட்டுத்தான போறேன். ஒண்ணு அந்த ஆவாரஞ்செடிக்குப் பின்னால நிக்கும்."

நின்றது.