அதுவா வர்ற நம்பர்

நெமிலிச்சேரியில் ஏறி உட்கார்ந்ததும் லோகநாயகி சாப்பாட்டு டப்பாவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். அதன்மேல் நான்காய் மடித்த வாரப் பத்திரிகை. பேனா மூடி பல்லிடுக்கில். பட்டாபிராம் வருவதற்குள் ஓர் எண் விழுந்திருக்கும். இந்து காலேஜ் தாண்டினால் இரண்டு. விழாவிட்டால், ஆவடியில் கூட்டம் ஏறி முழங்கையில் இடிக்கும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பென்சிலைத் தொடுவதில்லை. "அழிக்கிறதுக்குன்னே ஒருத்தி எழுதுவாளா?" என்பார்.

ஆவடி வட்டாரத்துக்கென்று இலவசமாக வரும் அந்தப் பத்திரிகையில், மனை விற்பனைக்கும் பல் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் எண் குறுக்கெழுத்து வரும். எழுத்துக்குப் பதில் இலக்கம். குறிப்புகளும் எண்ணைப் பற்றியவைதான்: இது வர்க்க எண், இது பகா எண், இது பக்கத்தில் உள்ளதன் மூன்று மடங்கு. வீட்டில் கணவர் டில்லிபாபு அதில் வடை மடித்த நாள் ஒன்று உண்டு. இரண்டு நாள் லோகநாயகி அவரோடு பேசவில்லை.

லோகநாயகிக்கு நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் இருபது வருடமாக அளவு பார்க்கும் வேலை. கேஜ் என்னும் அளவு வளையத்தில் சரியாக இறங்கிய போல்ட்டுக்குப் பச்சைச் சீட்டு, இறங்காததற்குச் சிவப்பு. எதுவென்று சொல்ல முடியாததற்கு மஞ்சள். அது தனித் தட்டில் காத்துக் கிடக்கும். "கேஜை அமுக்கக் கூடாது. தானா எறங்கணும். நம்ம தள்ளி எறக்குனா அது நம்ம கை சொன்ன அளவு." கட்டத்திலும் அவருக்கு இதே சட்டம்தான். ஊகித்து எழுதிய இலக்கம் சரியாகவே இருந்தாலும் அவர் கணக்கில் அது திருட்டு. "அதுவா வரணும்" என்பது நாளுக்கு நாலு தடவை கேட்கும் சொல்.

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்களை அவர் 'ஒண்டிக்கட்டை' என்றுதான் சொல்வார். ரயில் பெட்டி எண், பஸ் எண், மருந்துக்கடை டோக்கன் எதுவும் தப்பாது. அவர்கள் வீட்டுக் கதவு எண் தொண்ணூற்றொன்று. "பாத்தா ஒண்டி மாரிதான் கீது. உள்ள ஏழும் பதிமூணும் குட்தனம் பண்ணிகினு கீதுங்க" என்று சொல்லிவிட்டு, கேட்பவர் பெருக்கிப் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் முகத்தில் ஒரு குழந்தைக் களை வரும்.

பத்திரிகைக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நூறு வாரம் விடாமல் சரியான விடை அனுப்பியவர், தானே ஒரு கட்டம் அமைத்து அனுப்பலாம், பெயரோடு அச்சிடுவார்கள். இதுவரை ஒருவரும் நூறைத் தொட்டதில்லை. லோகநாயகி தொண்ணூற்றொன்பது முடித்திருந்தார். அவருடைய கட்டம் இரண்டு வருடமாகப் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில், எதிர்ப்பக்கத்தில் விடையோடு, தயாராக இருக்கிறது.

நூறாவது வாரத்தில் ஒரேயொரு கட்டம் மிஞ்சியது. இடமிருந்து வலமாக அது ஈரிலக்க வர்க்க எண் ஒன்றின் முதல் இலக்கம். அடுத்த இலக்கம் ஆறு என்று ஏற்கெனவே வந்துவிட்டது. மேலிருந்து கீழாக அதுவே ஓர் ஈரிலக்கப் பகா எண்ணின் முதல் இலக்கம். அதன் அடியில் ஏழு. ஒன்று போட்டால் பதினாறு, பதினேழு. மூன்று போட்டால் முப்பத்தாறு, முப்பத்தேழு. இரண்டும் பொருந்தின. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று திங்கட்கிழமை புதிதாகக் கோடு போட்டு முதலிலிருந்து செய்தார். செவ்வாய்க்கிழமை தலைகீழாக, கடைசிக் குறிப்பிலிருந்து செய்தார். அதே இடத்தில் அதே இரண்டு எண்கள் நின்றன.

அலுவலகத்துக்குப் போன் போட்டார். கட்டம் அமைப்பவர் ஊரில் இல்லை, தோன்றுவதைப் போட்டு அனுப்புங்கள் என்று ஒரு பெண் பணிவாகச் சொன்னாள். விதியோ அச்சிலேயே இருக்கிறது: கட்டத்துக்கு ஓர் இலக்கம், இரட்டை விடையும் காலியிடமும் தள்ளுபடி.

எட்டு வருடமாக ரயிலில் பக்கத்து இருக்கை ஜமீலாவுடையது. தையல் கம்பெனியில் வேலை. லோகநாயகியைவிடப் பத்து வயது இளையவள். புதன்கிழமை காலை அவள் பொறுமையிழந்துவிட்டாள்.

"மூணப் போடுக்கா. கட்டம் போட்ற அந்தாளுக்கு மூணுன்னா உசுருன்னு நீதான சொல்லுவ?"

"அது அந்த மன்சனோட மனசப் பாத்துப் போட்றது. கட்டத்தப் பாத்து இல்ல."

"தொண்ணூத்தொம்போதுல வந்து குந்திகினு நாயம் பேசறியே. யார் பாக்கப் போறா?"

லோகநாயகி பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தார். பட்டரவாக்கத்தில் இறங்கும்போதுதான், "நான் பாத்துட்டனே மே" என்றார்.

விடைப்பெட்டி ஆவடி நிலையத்துக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடையில் தொங்குகிறது. புதன் மாலை ஏழு மணியோடு சரி. இருவரும் இறங்கிப் போனபோது ஆறே முக்கால். லோகநாயகி பலகைமேல் தாளை வைத்தார். பேனா முனை அந்தக் கட்டத்தின்மேல் வந்து நின்றது. ஜமீலா எட்டிப் பார்த்தாள். மூன்றின் முதல் வளைவுக்குக் கை திரும்பியதாகவே அவளுக்குத் தோன்றியது. கை அப்படியே விலகிப் பைக்குள் போய்ப் பட்டறையின் மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்தது. அதில் நகக்கண் அளவு கிழித்து, கடைக்காரரின் பசையைத் தொட்டு, மிஞ்சிய கட்டத்தை மூடி ஒட்டினார். ஓரத்தில் 'இங்கே 1, 3 இரண்டும் இறங்குகின்றன' என்று சிறிய எழுத்தில் எழுதி, பெட்டிக்குள் போட்டார்.

"போச்சு" என்றாள் ஜமீலா. அவள் கண்தான் கலங்கியிருந்தது. இனி முதல் வாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சுமார் இரண்டு வருடம் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திரும்பும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. லோகநாயகி டப்பாவைக் கவிழ்த்தார். பத்திரிகைக்குப் பதிலாக டைரி வெளியே வந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து, தன் கட்டத்தின் விடைமேல் சீசன் டிக்கெட்டை வைத்து மறைத்தார். "இதுலயும் எங்கியாச்சும் ரெண்டு எறங்குதான்னு பாக்கணும் மே" என்று வெற்றுத் தாள் ஒன்றில் அதே கட்டத்துக்குக் கோடு இழுத்தார். பேனா மூடியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, யாரோ அனுப்பிய கட்டத்தைப் படிப்பதுபோல, முதல் குறிப்பிலிருந்து மெதுவாகப் போடத் தொடங்கினார்.