கம்பிக்கு அடியில் புது வீடு

எண்பதுகளில், மோகனூர்ப் பக்கம், எங்கள் தனிக்குடித்தனத்துக்கு மாமனார் கட்டிக்கொடுத்த புது வீட்டின் மேலே உயர்அழுத்த மின்கம்பிகள் ஓடின. பனி பெய்தால் வண்டுக்கூட்டம்போல இரையும். நான் முழுகாமல் இருந்தேன். ஒரு காலை, துணி காயப்போடும் கம்பியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று ஷாக் அடித்தது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கணவர் சிரித்தார். வாழைத்தோப்பு ஓட்டு வீட்டில் இருந்த மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அன்றே எருமையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீ எங்க ஊட்டுக்குப் போ சாமி. நாங்க இங்க இருந்துக்கறோம்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா அத்தை?"

"எனக்கென்ன, இனிமேலா பொறக்கப் போவுது? உங்க மாமன் வழுக்கையில முடி மொளச்சாலும் மொளைக்கும்!"

மகள் சுகமாகப் பிறந்தாள். மேலே ஓடிய அந்த மின்கம்பி கெடுதலா இல்லையா, எனக்கு இன்றும் தெரியாது. அத்தைக்கும் தெரியாதுதான். தெரியாமலேதான் அதற்கடியில் பாயை விரித்தார்.