வலைக்குப் பின்னால் இருந்த போல்ட்

கல்யாணத்துக்கு முன்னால் ஜெபசீலி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிலிம் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் அதே வேலை. 1984-ல் பாக்கியராஜைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தபோது கையில் இருந்த ஒரே தொழில் அதுதான். பாக்கியராஜ் சிப்காட் தொழிற்பேட்டையில் டர்னர், லேத்தில் இரும்பு கடைபவர். ஓசூரில் எக்ஸ்ரே வேலை கிடைக்காததால், இருட்டு அறையில் வேறு என்ன செய்யலாம் என்று யோசித்து ஜெபசீலி ஸ்டுடியோ வைத்தார்.

யோசித்த நேரம் சரியான நேரம். மாதத்துக்கு ஒரு கம்பெனி புதிதாகத் திறந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். தளியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் அந்தப் பெண்களுக்கு அடையாள அட்டைக்கு மூன்று போட்டோ வேண்டும். தாடையைத் தொட்டு முகத்தைத் திருப்பிவிடும் ஆண்கள் முன்னால் உட்கார அவர்களுக்குக் கூச்சம். தளி ரோட்டில் ஒரு பெண் நடத்தும் ஸ்டுடியோ இருக்கிறது என்று தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

கேமரா பெங்களூரில் வாங்கிய பழையது. எல்லாமே கையால் திருகி வைக்க வேண்டியது. அதோடு வந்தது ஐம்பது எம்.எம். லென்ஸ். முகம் பெரிதாக விழ வேண்டுமென்று அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் மூக்கு பெருத்து, காது சிறுத்து விழுந்தது.

"அக்கா, என் மூக்கு இம்மாம் பெரிசா?" என்று ஒரு பெண் அழாத குறையாகக் கேட்ட வாரமே ஜெபசீலி மறுபடி பெங்களூர் பஸ் ஏறினார். நூற்று முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கி வந்தார். தள்ளி நின்று எடுத்தால் முகம் முகமாகவே விழுந்தது. ஆனால் அறை நீளம் பன்னிரண்டு அடிதான். திரையை விட்டு முன்னால் ஆளை உட்கார வைத்தால் இவர் நிற்க வாசற்படிதான் மிச்சம். முதுகு ரோட்டுப் பக்கம், முகம் அறைக்குள். அப்படியே நின்று ஆயிரக்கணக்கான படம் எடுத்தார். மழை வந்தால் அன்றைக்குக் கடை இல்லை.

பிறகு கம்பெனிகளே கூப்பிட ஆரம்பித்தன. வண்டிகளுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனி அதில் முக்கியமானது. ஆயுத பூஜை, பாதுகாப்பு வாரம், வெளிநாட்டுக்காரர் வருகை எல்லாவற்றுக்கும் ஜெபசீலிதான். அங்கே ஆட்களின் விஷயங்களைப் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் சௌந்தரராஜன். மரியாதையான மனிதர், புதுப் பொருள்கள்மேல் ஆசை உள்ளவர். 1991-ல் கம்பெனிக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜப்பான் ஆட்டோபோகஸ் கேமரா வரவழைத்தார்.

"பட்டனை லேசா அழுத்துங்க மேடம். அதுவே பார்த்துக்கும்" என்று ஜெபசீலியின் கையில் கொடுத்தார்.

அழுத்தினார். 'கிர்' என்று லென்ஸ் தானாகச் சுழன்று நின்றது. ஜன்னலுக்கு வெளியே நடந்துபோன வாட்ச்மேன் பளிச்சென்று தெரிந்தார். ஜெபசீலிக்கு அந்தக் கேமரா பிடித்துப்போனது. தனக்கு ஒன்று இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்றுகூட நினைத்தார். அன்றிலிருந்து அந்தக் கம்பெனி அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் திடீரென்று ஆள் அனுப்பினார்கள். அதற்கு முதல் நாள் காலை தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் ஒரு பெண்ணின் கை மாட்டிவிட்டது. இரண்டு விரல் போய்விட்டது. விசாரணைக்குப் படம் வேண்டும். சௌந்தரராஜன் தன் கேமராவிலும் எடுத்திருந்தார்.

"கலர் ரோல் பெங்களூர் போய் வர நாளாகும் மேடம். நீங்க பிளாக் அண்ட் ஒயிட்ல எடுத்து சாயங்காலமே குடுத்துடுங்க. மெஷின் இருக்கிறது இருக்கிறபடி விழுந்தா போதும்."

கை உள்ளே போகாமல் தடுக்க அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பி வலைக் கதவு உண்டு. ஆட்கள் அதை கார்டு என்பார்கள். அது ஒரு பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி கீல். அதற்கும் பின்னால் மெஷினின் வாய். எல்லாவற்றிலும் எண்ணெய்.

பிளாஷ் போட்டால் எண்ணெய்ப் பசையில் பட்டு வெளுத்துவிடும் என்று ஜெபசீலிக்குத் தெரியும். கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் போதும் என்று முடிவு செய்தார். ஸ்டாண்டை ஊன்றி ஐம்பது லென்ஸை மாட்டினார். வலையும் தெளிவாக விழ வேண்டும், பின்னால் இருப்பதும் தெளிவாக விழ வேண்டும். அதற்கு லென்ஸின் துவாரத்தை மிகச் சிறியதாக, பதினாறில் வைத்தார். வலையின்மேலும் கீலின்மேலும் போகஸ் வைக்காமல் நடுவே, வலைக்குச் சற்றுப் பின்னால் வைத்தார். லென்ஸ் வளையத்தில் பொறித்திருக்கும் எண்களைப் பார்த்தால் எதிலிருந்து எதுவரை தெளிவாக விழும் என்று தெரியும். வலையும் கீலும் அதற்குள் அடங்கின. ஆனால் அவ்வளவு சின்னத் துவாரத்துக்கு நாலு விநாடி வெளிச்சம் வேண்டும். பக்கத்து மெஷின்கள் ஓடும்போது தரையே அதிர்ந்தது.

"இந்த லைனை நிறுத்தணும் சார்."

"புரொடக்ஷனை நிறுத்த முடியாதும்மா" என்றார் சூப்பர்வைசர். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஜெபசீலி காத்திருந்தார். அந்த அரை மணியில் ஆறு படம்.

சாயங்காலம் பிரிண்ட் போடும்போதுதான் கீலைக் கவனித்தார். அதில் இருக்க வேண்டிய கட்டைவிரல் பருமன் போல்ட் பாதியில் ஒடிந்து, ஒடிந்த முகம் கேமராவைப் பார்த்தபடி இருந்தது. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரிண்ட் போட்டார். ஒடிந்த முகத்தில் முக்கால்வாசி கறுப்பு, மீதி வெள்ளை. என்னவென்று புரியவில்லை. ஆறு படத்தோடு அதையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். சௌந்தரராஜன் சரிந்த வலை தெரியும் இரண்டு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "இது போதும் மேடம்" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் கையில் கட்டோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெயர் முனிலட்சுமி. உத்தனப்பள்ளிக்காரி. இ.எஸ்.ஐ. நஷ்டஈட்டுப் பாரத்துக்குக் கையைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். கட்டைப் பிரித்துக் கையை மேஜைமேல் வைத்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்படிம்மா ஆச்சு?"

"கார்டை நானே ஸ்பேனர் போட்டு கழட்டிட்டேனாம்க்கா. சீக்கிரம் பீஸ் அடிக்கணும்னு. அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. வேலையை விட்டு எடுத்துடுவாங்களாம். ஸ்பேனரை எப்படிப் பிடிக்கறதுன்னே எனக்குத் தெரியாது. ஒரு மாசமாவே அது ஆடிட்டிருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். கேக்கல."

ஜெபசீலி லென்ஸை மாற்றி அந்தக் கையைப் படம் எடுத்தார். எடுத்து முடித்து அவளை அனுப்பிவிட்டு, திரும்பி வந்த பிரிண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் பாக்கியராஜிடம் காட்டினார். பதினைந்து வருடமாக இரும்போடு பழகும் மனிதர் அவர். பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நேத்து ஒடிஞ்சதில்ல சீலி. இந்தக் கறுப்பு துரு. மொதல்ல விரிசல் விட்டு, தண்ணியும் எண்ணெயும் எறங்கி மாசக்கணக்கா ஆகியிருக்கு. இந்த வெள்ளை இருக்கு பாரு, இவ்வளவுதான் அன்னிக்கு ஒடிஞ்சது. ஸ்பேனர் போட்டு கழட்டியிருந்தா போல்ட் முழுசா இல்ல வந்திருக்கும்?"

"அந்த போல்ட் இப்போ மெஷின்ல இருக்குமா?"

"மறுநாளே புதுசு மாட்டியிருப்பாங்க."

அந்த வாரமே சௌந்தரராஜனின் ஆள் வந்து நெகட்டிவைக் கேட்டான். பழைய நெகட்டிவ் கட்டுகளுக்குள் தேடி எடுத்துத் தருகிறேன் என்று ஜெபசீலி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார்.

"குடுக்கலேன்னா அந்தக் கம்பெனி வாசலை மறந்துட வேண்டியதுதான்" என்றார் பாக்கியராஜ். "மத்த கம்பெனிக்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க."

"தெரியுங்க."

"அப்போ உன் இஷ்டம். நான் வேணாம்னு சொல்லல."

போட்டோ வாங்க முனிலட்சுமி வந்தபோது ஜெபசீலி போல்ட் படத்தையும் கவரில் போட்டுக் கொடுத்தார். "விசாரிக்க வர்ற பேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட குடு. யார் எடுத்ததுன்னு கேட்டா என் பேரைச் சொல்லு" என்றார்.

ஒரு மாதத்தில் விசாரணைக்கு வரச்சொல்லி ஜெபசீலிக்கே கடிதம் வந்தது. போனபோது கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துப் போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். இந்தப் பக்கம் தன் ஆட்டோபோகஸ் கேமராவோடு சௌந்தரராஜன், கம்பெனி வக்கீல். சுவரோரம் முனிலட்சுமி.

வக்கீல் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சௌந்தரராஜன் எடுத்தது. அதில் வலை கூர்மையாக இருந்தது. கீல் இருக்கும் இடம் வெறும் சாம்பல் மூட்டம்.

"ஒரே மெஷின். அதே வாரம். ஜப்பான் ஆட்டோபோகஸ் கேமராவுக்குத் தெரியாத போல்ட் இந்தம்மாவோட பழைய கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? இவங்க இருட்டு அறையில எதையோ வரைஞ்சு சேர்த்திருக்காங்க சார்."

இன்ஸ்பெக்டர் ஜெபசீலியைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"சொன்னா புரியாதுங்க சார். காட்டட்டுங்களா?"

அறையில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் போட்டார். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி அன்றைய பேப்பரைச் சுவரில் ஒட்டினார். ஒயர்தான் வலை, பேப்பர்தான் போல்ட். சௌந்தரராஜனிடம், "சார், உங்க கேமரா குடுங்க" என்றார். அவர் தயங்காமல் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதில் பார்த்துப் பட்டனை அழுத்தினார். 'கிர்'.

"ஒயர் தெரியுது."

"பேப்பர் படிக்க முடியுதுங்களா?"

"இல்லை. மங்கலா இருக்கு."

"நடுவுல எது முன்னால இருக்கோ அதை அது பிடிச்சுக்கும் சார். வெளிச்சம் கம்மின்னா துவாரத்தைப் பெரிசாவும் தொறந்துடும். பெரிசா தொறந்தா பின்னால இருக்கிறது கலங்கிடும். கேமரா மேல தப்பில்ல. கீலைப் பாருன்னு அதுக்கு யாரும் சொல்லல."

பிறகு தன் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, பதினாறில் திருகி, துவாரம் படம் எடுக்கும் அளவுக்கு இப்போதே சுருங்கும்படி லென்ஸை ஒட்டி இருந்த சின்ன நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொன்னார்.

"ஒரே இருட்டா இருக்கேம்மா."

"கண்ணை எடுக்காம கொஞ்ச நேரம் பாருங்க சார். பழகிடும்."

முனிலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். இன்ஸ்பெக்டர் மெல்லப் படித்தார்: "ராயக்கோட்டை... தக்காளி... வரத்து குறைவு." தலையைத் தூக்கிவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார். "ஒயரும் தெரியுது, எழுத்தும் தெரியுது." பிறகு வக்கீலைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க" என்றார். வக்கீல் பார்க்கவில்லை. சௌந்தரராஜன் பார்த்தார்.

நெகட்டிவை ஜெபசீலி மேஜைமேல் வைத்தார். அதில் வரைந்த அடையாளம் எதுவும் இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். போல்ட் நெடுநாள் முன்பே விரிசல் விட்டது என்றும், தொழிலாளிமேல் தவறில்லை என்றும் தீர்ப்பு வந்தது. அந்த வரிசையில் இருந்த எல்லா வலைக் கதவுகளையும் மாற்றினார்கள். முனிலட்சுமி வேலையில் நீடித்தாள். டூல் ரூமில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. அது தனக்குப் பிடிக்கவில்லை என்றும், ஆனால் உட்காரலாம் என்றும் சொன்னாள்.

விசாரணை முடிந்து வெளியே வந்த அன்று சௌந்தரராஜன் ஜெபசீலியிடம் வந்து நின்றார்.

"என் படத்தை வெச்சுத்தான் மேடம் நான் ரிப்போர்ட் எழுதினேன். அதுல போல்ட் இல்லை. நான் பொய் எழுதல."

"நெகட்டிவ் ஏன் சார் கேட்டீங்க?"

"மேலேர்ந்து சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பாக்கியராஜ் சொன்னபடியே நடந்தது. அந்தக் கம்பெனி மட்டுமல்ல, இன்னும் இரண்டு கம்பெனிகள் கூப்பிடுவதை நிறுத்தின. அதற்குப் பதிலாகத் தொழிற்சங்கத்துக்காரர்கள் தேடி வந்தார்கள். எங்கே அடிபட்டாலும் அந்த இடத்தையும் ஆளையும் படம் எடுக்க ஜெபசீலியைக் கூப்பிட்டார்கள். அடுத்த நாலு வருடத்தில் அடிபட்ட பதினோரு பேரின் கைகளைப் படம் எடுத்தார்.

1997-ல் கண் மங்க ஆரம்பித்தது. கேமராவுக்குள் தெளிவாக இருப்பதாக நினைத்து எடுத்த முகம் பிரிண்டில் கலங்கி விழுந்தது. கண்ணாடி மாட்டினால் கேமராவில் இடித்தது. ஆகவே இத்தனை நாள் ஆசைப்பட்ட ஆட்டோபோகஸ் கேமராவைப் பழையதாக ஒன்று வாங்கினார். முதல் வேலை மத்திகிரி சர்ச்சில் அருள்செல்வி என்ற பெண்ணின் கல்யாணம். மூன்று ரோல் எடுத்தார். கழுவி வந்தபோது ஜோடியாக நின்ற படங்களில் முக்கால்வாசியில் பொண்ணும் மாப்பிள்ளையும் மங்கல். அவர்கள் இருவருக்கும் நடுவே தெரிந்த பின்சுவரில் சொருகியிருந்த ரோஜாக்கள் இதழ் இதழாகத் தெளிவு. கேமரா நடுவில் பார்த்தது. நடுவில் ஆள் இல்லை.

பாக்கியராஜ் சிரித்துவிட்டார். ஜெபசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கே விளக்கம் சொன்ன தவறைத் தானே செய்திருந்தார். பிறகு படங்களை எடுத்துக்கொண்டு அருள்செல்வி வீட்டுக்குப் போய், "தப்பு என்னோடது. மறுபடி எடுத்துத் தரேன்" என்று நேராகச் சொன்னார். பெண்ணின் அம்மா கோபப்பட்டார். அருள்செல்விதான், "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எடுத்துக்கலாம்மா" என்றாள்.

அந்த ஞாயிறு இருவரும் கல்யாண உடுப்பை மறுபடி உடுத்திக்கொண்டு வந்தார்கள். ஜெபசீலி பெண்ணின் கண்ணை நடுவில் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்தி, போகஸ் மாறாதபடி விடாமல் பிடித்துக்கொண்டே கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி இருவரையும் அடக்கி, மீதியை அழுத்தினார். முப்பத்தாறு படம் விழும் ரோலில் இரண்டு முடிந்ததும், கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "இன்னும் எத்தனை அக்கா?" என்றார்.

"முப்பத்தி நாலு" என்றார் ஜெபசீலி. "கொஞ்சம் சிரிங்க தம்பி."