கட்டைக் கோயிலுக்கு ஒரு பாலாலயம்

பிளாஸ்டிக் கட்டை கோத்து விளையாடுகிறவர்கள் தாங்களே யோசித்துக் கட்டியதைப் படமெடுத்துக் கட்டைக் கம்பெனிக்கு அனுப்பலாமாம். ஓட்டு நிறைய விழுந்தால் கம்பெனியே அதைப் பெட்டி போட்டு விற்குமாம். என் மகள் கட்டிய திருமழபாடிக் கோயில்தான் எனக்குப் பிடித்தது. பார்த்ததும் பக்தியில் விபூதி பூசி, சூடம் காட்டிவிட்டேன்.

"கோபுரம் கோணலா இருக்குப்பா. பிரிச்சுக் கட்டி இன்னிக்கே அனுப்பணும்."

"பூசை பண்ணுன கோயில இடிப்பியா? பாவம்டி!"

"நம்ம ஊர்ல திருப்பணின்னா என்ன செய்வாங்க?"

"பாலாலயம் பண்ணி, சாமியக் கலசத்துக்கு மாத்திட்டுத்தான் கை வப்பாங்க," என்று மாட்டிக்கொண்டேன்.

உடனே அடுப்படி ஈயச் சொம்பில் தண்ணீர் வந்தது. மாவிலைக்குப் பதில் கறிவேப்பிலை. "ஆரம்பிங்க குருக்களே!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, நமச்சிவாய சொல்லி, சாமியைச் சொம்புக்கு மனசார அழைத்தேன். கோபுரம் நிமிர்ந்தது, படமும் போனது.

அடுப்படியிலிருந்து என் சம்சாரம் கேட்டாள்: "கும்பாபிஷேகம் எப்பங்க? ரசத்துக்குச் சொம்பு வேணும்."