பர்மா தோளும் சுவிஸ் தோளும்

எங்கள் மாதா கோயிலடியில் பர்மா வீடு என்று ஒரு வீடும் சுவிஸ் வீடு என்று ஒரு வீடும் இருக்கின்றன. பர்மா வீட்டில் இருக்கிறவர்களில் ஒருவர்கூடப் பர்மாவைக் கண்டதில்லை. சுவிஸ் வீட்டில் ஒருவருமே இருப்பதில்லை.

சுவிஸ் வீடு இரண்டு மாடி. படலை தானாகத் திறக்கும். உள்ளே போகத்தான் ஆளில்லை. நாலு பக்கச் சுவரிலும் கமரா பூட்டியிருக்கிறது. அதை வீட்டுக்காரர்கள் சுவிஸ் குளிருக்குள் இருந்தபடி கைபேசியில் பார்ப்பார்கள். ஒருநாள் என் ஆடு அவர்களுடைய மதிலோரத்துக் குரோட்டன் செடியைக் கடித்தபோது எனக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. "அண்ணை, உங்கட ஆட்டைக் கொஞ்சம் பிடியுங்கோ." நான் குசினியில் சோறு தின்றுகொண்டிருந்தேன். என் ஆடு என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை, ஐரோப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பர்மா வீடு அதற்கு நேர் எதிரே. பாதி ஓடு, பாதி தகரம். அந்த வீட்டுக்காரர் முன் தாழ்வாரத்தில் படகு எஞ்சினும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறவர். கிண்ணியாவிலிருந்தும் சல்லி ஊரிலிருந்தும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் காசு தருவார்கள், சிலர் மீன் தருவார்கள், சிலர் "மாதா உங்களைப் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவருடைய பாட்டன் ரங்கூனில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை செய்தவர். அங்கேயே ஒரு பர்மாப் பெண்ணைக் கட்டி, அவளும் ஞானஸ்நானம் பெற்று, நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். யப்பான்காரன் குண்டு போட, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவி பிள்ளையோடு தப்பி ஊர் வந்து சேர்ந்தார். வந்து மூச்சு விடுவதற்குள் அதே யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் வந்து குண்டு போட்டான். "எங்கட கிழவனைத் தேடித்தான் வந்திருப்பான்" என்று பேரன் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குக் கிழவன் மாதாவுக்கு நேர்ந்தாராம்: உயிர் தப்பினால் பெருநாள் அன்று கூட்டின் முன் தடியை என் குடும்பம் தூக்கும் என்று. கூடு என்பது மாதாவின் சுருவத்தை வைத்து நாங்கள் தோளில் சுமந்து போகிற பல்லக்கு. முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேர். முன் இடப்பக்கம் அன்றிலிருந்து பர்மா வீட்டுக்கு. அதே பக்கம் பின்னுக்கு நான்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. மூன்று தலைமுறையாகத் திருகோணமலையை விட்டு அசையாதவர்களை எங்கள் சனம் பர்மாக்காரர் என்கிறது. போய் முப்பது வருடமாகி, பிள்ளைகளை அங்கேயே பெற்று, அந்த நாட்டுப் பாஸ்போட்டும் வைத்திருக்கிறவர்களை எங்கட ஆக்கள் என்கிறது. ஒருவன் எந்த ஊர்க்காரன் என்பதைப் பிறந்த இடத்தைக் கொண்டா, அனுப்புகிற காசைக் கொண்டா தீர்மானிப்பது என்பதில் எங்கள் பங்கு மக்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் காய்ந்த நாட்களில் அந்தத் தெளிவு இன்னும் கூடியது. பிராங் என்ற சுவிஸ் காசின் பெயரை அப்போது செபம் சொல்லுகிற குரலில் சொன்னார்கள். எனக்கு வெளிநாட்டில் ஒரு சொந்தமும் இல்லை, அதனால்தான் எரிச்சல் என்பவர்கள் சொல்லட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டவுனில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். செபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. அதற்கு மேல் எனக்குப் பெருமையும் இல்லை, குறையும் இல்லை.

இந்த வருடம் பர்மா வீட்டுக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வயிற்று வருத்தத்தில் விழுந்துவிட்டார். சத்திரசிகிச்சை செய்தும் எழும்பவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து பர்மா வீட்டு அண்ணன் என்னிடம் சொன்னார்:

"தம்பி, மாதாட்ட நேர்ந்திட்டன். அவள் எழும்பி நடந்தால், இந்தமுறை முன் தடி தூக்கி மாதாவைக் கோயிலுக்குள்ள கொண்டுவந்து விடுறன் எண்டு."

"அது வழமையா நீங்கள் தூக்கிறதுதானே அண்ணை. அதை என்னெண்டு புதுசா நேருறது?"

"வேற என்னட்ட என்ன கிடக்கு, நேருறதுக்கு?"

 இருவரும் கன்டீனில் பிளேன்டீ குடித்தோம்.

அக்கா எழும்பினார். மெலிந்துபோய், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். கொடியேற்றத்துக்குக் கோயிலுக்கும் வந்தார். அதே கிழமை சுவிஸ் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார், மனைவியோடும் வளர்ந்த இரண்டு மகன்மாரோடும். கூடவே ஒரு லொறியில் புதுக் கூடும் வந்தது. தேக்கு மரம், பித்தளைப் பூ வேலை, சுற்றிவர மின்விளக்கு, அதற்கு அடியில் பற்றரி. பழைய கூட்டைப் பூசை உடுப்பு வைக்கிற அறைக்குப் பின்னால் சாய்த்து வைத்து, மேலே ஒரு படங்கைப் போட்டு மூடினார்கள்.

ஞாயிறு பூசை முடிய பங்குச் சபை கூடியது. மூப்பர்தான் தலைவர். கூடு தூக்குகிறவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மூப்பர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பர்மாத் தம்பி, கோவிக்கக் கூடாது. இந்தமுறை முன் தடி ரெண்டும் எங்கட சுவிஸ் பிள்ளையளுக்கு. நியாயமாப் பாருங்கோ. இவை கூடு தந்தவை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பெயின்ற் தந்தவை, ஸ்பீக்கர் தந்தவை. நீங்கள் என்ன தந்தனீங்கள்?"

"தோள்" என்றார் பர்மா வீட்டு அண்ணன்.

"தோள் எல்லாரிட்டையும்தான் இருக்கு."

"மனுசிக்கு நேர்ந்தனான் ஐயா. இந்த ஒருமுறை மட்டும் விடுங்கோ. அடுத்த வருசம் ஆரும் தூக்கட்டும்."

சுவிஸ்காரர் கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்தார். "அண்ணை, நானும் நேர்ந்துதான் செய்தனான். நீங்கள் பின்னுக்குத் தூக்குங்கோவன். மாதாவுக்கு முன்னென்ன, பின்னென்ன?"

அப்படியென்றால் உங்கள் மகன்மார் பின்னுக்கு நிற்கலாமே என்று என் வாய்வரை வந்துவிட்டது. என் மனைவி செருப்புக் காலால் என் காலை மிதித்தாள். எல்லோரும் பாதரைப் பார்த்தோம். பாதர் புதியவர், நல்லவர், எல்லோருக்கும் நல்லவராக இருக்க விரும்புகிறவர். "சபை தீர்மானிக்கட்டும், நான் செபிக்கிறேன்" என்றார். அவர் செபித்தார், சபை தீர்மானித்தது.

வெளியே வந்ததும் நான் என்னுடைய பின் தடியைத் தருவதாகச் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நேர்ந்தது முன் தடி. மாதாட்டப் போய் இப்ப மாத்திச் சொல்ல ஏலாது." பிறகு கோயில் வாசலில் நின்ற லொறியைப் பார்த்துச் சொன்னார்: "பிழை எங்கட கிழவனில. ரங்கூனில இருந்து கிளம்பேக்க சுவிஸ் பக்கம் திரும்பியிருக்கோணும். மனுசன் திசை மாறி ஊருக்கு வந்திட்டுது."

இரண்டு நாள் கழித்து நான் அவருடைய தாழ்வாரத்தில் இருந்தபோது சுவிஸ் வீட்டு மூத்த மகன் வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். பனை மரம்போல வளர்த்தி. தகரத்தில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் நின்றான்.

"அங்கிள், இது ஸ்டார்ட் வருகுது இல்லை."

 அண்ணன் பிளக்கைக் கழற்றினார். பையன் கேட்காமலே ஸ்பானரை எடுத்து மற்றப் பக்கத்து நட்டைக் கழற்றத் தொடங்கினான். பிடித்த பிடியில் வேலை தெரிந்தவன் என்று விளங்கியது.

"தம்பி அங்க என்ன செய்யிறீர்?"

"ட்ரெயின் திருத்திற இடத்தில வேலை அங்கிள்."

"அப்பா?"

"அப்பா ரெஸ்டோரண்ட் குசினி. பாத்திரம், மரக்கறி வெட்டிறது. அதுக்கு முதல் விடிய ஒஃபிஸ் கிளீனிங். இந்தக் கூட்டுக்கு எண்டு ஞாயிறும் வேலை எடுத்தவர். கன வருசம்."

"ஞாயிறும் வேலையோ? அப்ப பூசை?" என்று நான் கேட்டேன்.

"பூசைக்கு ரைம் இல்லை அங்கிள்."

 மாதாவுக்குக் கூடு செய்வதற்காக மாதாவின் மகனுடைய பூசையை வருடக்கணக்காக விட்டிருக்கிறார் மனிதர். ஊரில் எவனும் அவரிடம் கூடு கேட்கவில்லை. கேட்காவிட்டாலும், அவர் வெறுங்கையோடு வந்து நின்றிருந்தால் மூப்பர் இருக்கக் கதிரை போட்டிருப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன். போட்டிருக்க மாட்டார். அது அந்த மனிதருக்கும் தெரியும்.

அண்ணன் எதிர்வீட்டு மாடியைக் காட்டிக் கேட்டார். "அங்கயும் இப்பிடித்தான் வீடோ?"

"இல்லை அங்கிள். மூண்டு அறை, வாடகை. இரவு பிந்திக் குளிச்சால் கீழ்வீட்டு ஆள் வந்து கதவைத் தட்டும், தண்ணிச் சத்தம் எண்டு."

"அப்ப பாத்தீரே, நான்தான் பணக்காரன். நான் நினைச்ச நேரம் குளிப்பன்."

"தண்ணி வந்தால்" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். போகும்போது, இங்கே தன்னைச் சுவிஸ் பெடியன் என்கிறார்கள், அங்கே சிலோன்காரன் என்கிறார்கள், எது சரி என்று கேட்டான். "என்னட்டக் கேக்காதையும்" என்றார் அண்ணன். "நான் பர்மாக்காரன்."

பெருநாள் வந்தது. கூட்டுக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் எப்போதும் தோளைத்தான் பார்ப்போம். நாலு பேரையும் மதிலோடு நிறுத்தி, தோள்மட்டம் சரியா என்று கண்ணால் பிடித்துத்தான் தடியைக் கொடுப்பது வழக்கம். இந்த முறை கொடுத்த கையைப் பார்த்து எடுத்தபடியால் தோளைப் பார்க்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. முன்னுக்கு வெண்ணெய் தின்று பால் குடித்து வளர்ந்த இரண்டு பனைகள். பின்னுக்குப் பங்கீட்டுக் கூப்பன் மா தின்று வளர்ந்த நானும் மீன் வியாபாரம் செய்கிற இன்னொருவரும். எங்கள் தலை அவர்களுடைய காதுக்கு வராது.

எங்கள் கோயில் மேட்டில் இருக்கிறது. பவனி முதலில் துறைமுகப் பக்கம் இறங்கும். முன்னுக்கு நெட்டை, பின்னுக்குக் குட்டை; வீதியோ பள்ளம். இரண்டும் சேர்ந்து கூடு தட்டுப்போல நேராகப் போனது. மாதா மணவறையில் இருக்கிற மாதிரி நின்றா. "பாத்தீங்களே, பெடியள் எவ்வளவு வடிவாத் தூக்கினம்" என்று மூப்பர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சுவிஸ்காரர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்தார். பர்மா வீட்டு அண்ணன் சனத்துக்குள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கூட்டைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்து நடந்தார்.

இறங்குதுறையில் பாதர் வள்ளங்களை ஆசீர்வதித்தார். பிறகு திரும்பினோம். அதாவது, ஏறினோம்.

ஏற்றத்தில் நாலடி வைத்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. மேடும் முன்னுக்கு, உயரமும் முன்னுக்கு. கூடு அப்படியே பின்னால் சரிந்தது. மாதா வானத்தைப் பார்த்தா. தேக்கும் பித்தளையும் பற்றரியும் சேர்ந்து மொத்தப் பாரமும் என் தோளிலும் மீன்காரரின் தோளிலும் இறங்கியது. பூக்கள் என் தலையில் கொட்டின. பெண்கள் "மாதாவே!" என்று கத்தினார்கள். "முன்னுக்குக் குனியுங்கோ!" என்று மூப்பர் கத்தினார். பையன்கள் முழங்காலை மடித்துத் தாராபோல நடந்தார்கள். கூடு தள்ளாடத் தொடங்கியது.

"எனக்கு ஏலாது மூப்பர் ஐயா, நெஞ்சு வெடிக்குது" என்று மீன்காரர் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கிக்கொண்டு சொன்னார்.

கூட்டை நடுவீதியில் கால் ஊன்றி இறக்கினோம். உயரமானவர்கள் பின்னுக்குப் போனால் ஏற்றத்தில் சமன் வரும் என்பது அந்த இடத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரிந்தது. பையன்கள் பின்னுக்கு வந்தார்கள். மீன்காரர் வலப்பக்கம் முன்னுக்குப் போனார். என் தோள் எழும்பவே இல்லை. மூப்பர் தன் மருமகனைக் கண்ணால் தேடினார். அதற்குள் மூத்த பையன் சனத்துக்குள் எட்டிப் பார்த்து, "பைக் திருத்திற அங்கிள் வாங்கோ!" என்று கூப்பிட்டான். "நீங்கள் கட்டை. உங்களுக்குத்தான் சரி வரும்."

ஒருவருக்கும் மறுக்க நேரமில்லை. மாதா நடுவீதியில் நிற்கிறா, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அண்ணன் அக்காவின் கையை என் கையில் தந்துவிட்டுப் போய்த் தடிக்குக் கீழே தோளைக் கொடுத்தார். கூடு எழும்பியது. நேராக எழும்பியது.

கோயில் வாசலில் சுவிஸ்காரர் ஓடி முன்னுக்கு வந்தார். "ஒருக்கா மாத்துங்கோ, உள்ள போகேக்க பிள்ளையள் முன்னுக்கு நிண்டால்தான் படம் சரிவரும்." மூப்பரும் கையைத் தூக்கினார். ஆனால் எங்கள் வாசலில் ஏழெட்டுப் படி இருக்கிறது. படியில் மாற்றினால் மாதா மறுபடியும் வானம் பார்ப்பா. "அப்பா, சும்மா இருங்கோ" என்றான் மகன் பின்னாலிருந்து. அண்ணன் நிற்கவே இல்லை. படி ஏறி, நடுக்கோயில் கடந்து, பீடத்தடியில் மாதாவை இறக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அக்கா என் கையை விட்டுவிட்டுத் தனியே நடந்து போய் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். நான் அழுதேன். தோள் நோவில்தான் என்று மனைவிக்குச் சொன்னேன்.

அடுத்த நாள் பங்கின் முகநூலில் படங்கள் வந்தன. எல்லாம் பள்ளம் இறங்கும்போது எடுத்தவை. கீழே "கூடு உபயம்: எங்கள் சுவிஸ் உறவுகள்" என்று இருந்தது. கோயிலுக்குள் நுழைகிற படம் ஒன்றுகூட இல்லை. நான் கைபேசியைக் கொண்டுபோய்ப் பர்மா வீட்டில் காட்டிக் கொதித்தேன். அண்ணன் பார்க்கவில்லை, யாரோ ஒரு சல்லிக்காரரின் எஞ்சினுக்குள் கையை விட்டிருந்தார். அக்காதான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இஞ்சேருங்கோ" என்றார் கணவரைப் பார்த்து. "இனி எனக்கு ஏதும் வந்தால் பின் தடிக்கு நேருங்கோ. அதுக்கு ஒருத்தனும் கூடு செய்துகொண்டு வரமாட்டான்."