தண்ணீர் ஏறாத மூன்று வாரம்

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு இறங்கி மூன்று வாரம் ஆனபோது, என் மாமியார் போனில் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மோட்டார் சரியாகாவிட்டால் முத்தையாபுரம் வீட்டைப் பூட்டிவிட்டு, குழந்தையோடு திரேஸ்புரத்தில் உள்ள அவர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கணவர் கப்பலிலிருந்து இறங்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதம் அந்த வீட்டில் என்றால், என் மகளுக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதைக்கூட ஒன்பது பேர் கூடித்தான் முடிவு செய்வார்கள். எனக்கென்று இருந்தது இந்த இரண்டு அறை வீடு ஒன்றுதான். கணவரிடம் சொன்னேன். அம்மா நல்லதுக்குத்தான் சொல்லுவாள் என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் யாரோ கேரம் ஆடும் சத்தம் கேட்டது.

மோட்டார் பார்க்க வந்த அண்ணாச்சி வாசலிலேயே வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கப்பாசிட்டர் போய்விட்டது என்றார். புதிதாக மாட்டியும் தண்ணீர் அதேபோல்தான் வந்தது. அப்படியென்றால் பேரிங் என்றார். மறுநாள் வந்து, மோட்டாரையே மாற்றி ஒன்றரை எச்.பி. போட்டுவிடலாம் என்றார். நான் இயற்பியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். இருந்தும் அவர் தட்டிய தட்டுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவரைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், புதன்கிழமை வந்தார். விசைப்படகில் டிரைவர். உலகத்தில் உள்ள எல்லா இயந்திரமும் அவருக்குப் படகு எஞ்சின்தான். எங்கள் மிக்ஸி நின்றபோதுகூட டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்கிற மாதிரிதான் பேசினார். மோட்டாரைத் தொடாமலே, கிணற்றுச் சுவரில் ஒரு காலை வைத்துக்கொண்டு, உள்ளே சுற்றுகிற சக்கரத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது என்றார். பிறகு டீ குடித்தார். ஞாயிறு காலை மாதா கோவில் பூசை முடிந்ததும் லோடு ஆட்டோ கொண்டு வருவதாகவும், தொட்டிலையும் கட்டிலையும் கழற்றி வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் நானே பார்க்கத் துணிந்தேன். துணிந்தேன் என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போவதற்குள் குழந்தை தூங்குகிறாளா என்று மூன்று முறை இறங்கி வந்து பார்த்தேன். மேலே தொட்டியில் விழுகிற குழாயிலேயே தண்ணீர் மெலிந்துதான் விழுந்தது. அப்படியானால் வீட்டுக்குள் இருக்கிற குழாய்களில் அடைப்பு இல்லை. தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பவும் இல்லை; வழியில் எங்கும் காற்று புகவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கினேன். என் உயரத்துக்கு மேலேயே கயிறு நனைந்து வந்தது; கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் போட்டாலும் உடனே தண்ணீர் எடுத்தது. குழாயின் அடியில் தண்ணீரைத் தாங்குகிற ஃபுட் வால்வும் நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரின் சத்தம் மட்டும், யாரோ கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருந்தது. போதுமான தண்ணீர் உள்ளே வராவிட்டால் அப்படித்தான் சத்தம் வரும். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: ஃபுட் வால்வைச் சுற்றியிருக்கிற சல்லடை. அதை ஏதோ அடைத்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. நம்புவதற்கு மூன்று நாள் ஆனது. எனக்குத் தெரிந்திருந்தால் அந்த அண்ணாச்சிக்குத் தெரியாமலா இருக்கும் என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். தொட்டிலைக் கழற்றி வைத்தேன். மறுபடி மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியும் அத்தானும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கையில் புது மோட்டார், இன்னொருவருக்குப் பின்னால் லோடு ஆட்டோ. முதலில் குழாயை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. படித்த பிள்ளைகள் வீட்டில் வேலை பார்ப்பது பெரிய ரோதனை என்று அண்ணாச்சி என் காதில் விழும்படியே அத்தானிடம் சொன்னார். அத்தான் சிரித்தார். ஆனாலும் தூக்கினார்கள், நான் முட்டாள் என்று நிரூபித்துவிட்டு வேலையைத் தொடங்கலாமே என்று.

மேலே வந்த சல்லடை கண்ணுக்கே தெரியவில்லை. அதைச் சுற்றி, தேங்காய் அளவுக்கு, பழுப்பாக ஒரு பந்து. வாழைநார், தையல் நூல், அழுகிய பிச்சிப்பூக் காம்பு, நடுவில் மங்காத ஒரு ஜரிகைத் துண்டு. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

நாசரேத் ஊரில் நான் பிறந்த வீடு புராட்டஸ்டண்ட் வீடு; அங்கே மாதா படம் கிடையாது, மாலையும் கிடையாது, பாட்டும் ஜெபமும்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மாமியார் கூடத்தில் மாதா படம் மாட்டி, சனிக்கிழமைதோறும் புது மாலை போட வேண்டும் என்றார். பழைய மாலையைக் குப்பையில் போடக் கூடாது, கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும். திரேஸ்புரத்தில் கடலில் போடுவார்கள். இங்கே முற்றம் முழுக்க சிமெண்ட், ஒரு செடிகூட இல்லை. என்ன செய்ய என்று கேட்டேன். தண்ணியில போடு, எந்தத் தண்ணியா இருந்தா என்ன என்றார். நான் கிணற்றை மூடியிருந்த வலையைத் தூக்கி, மாலையை உள்ளே போட்டேன். ஒன்றரை வருடம், ஒரு சனிக்கிழமை தவறாமல். நாரைப் பிரித்தால் அவமரியாதையோ என்று பயந்து, கட்டோடு. பிறந்ததிலிருந்து மாதாவைக் கும்பிடுகிற எவளும் இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாள். அந்தத் தண்ணீரில்தான் குழந்தையைக் குளிப்பாட்டினேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"மோட்டாருக்கு மால போட்டுக் கும்பிட்டிருக்கு அண்ணாச்சி, படிச்ச பிள்ள" என்றார் அத்தான்.

"அது மாதாவுக்குப் போட்ட மாலை, அத்தான். தண்ணில போடச் சொன்னது அத்தைதான்."

அவர் சிரிப்பு நின்றது. சல்லடையிலிருந்து பிய்த்துக் கையில் வைத்திருந்த பந்தைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். அதைக் கீழே வைக்க முடியவில்லை, கீழே கால் படும். எறியவும் முடியவில்லை. முப்பது கடல் மைல் போய் வருகிற மனிதர், ஒரு பூப்பந்தை ஏந்திக்கொண்டு என் முற்றத்தில் நின்றார். அண்ணாச்சி புது மோட்டாரை அட்டைப்பெட்டிக்குள் வைப்பதில் மும்முரமாகிவிட்டார். சல்லடையைக் கழுவிக் குழாயை இறக்கி மோட்டாரைப் போட்டதும் மேலே தொட்டியில் தண்ணீர் அறைந்து விழுகிற சத்தம் கீழே வரை கேட்டது.

அத்தான் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். என் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டவளே கிணற்றைக் கெடுத்தாள் என்றால், லோடு ஆட்டோ காலியாகப் போகாது. ஆனால் அப்படிச் சொன்னால் மாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல அந்த வீட்டில் எவனுக்கும் நெஞ்சு கிடையாது.

"பாசிதாம்மா" என்றார் அவர். "பாசி அடைச்சிட்டு. இப்ப நல்லா வருது."

பிறகு போன் என்னிடம் வந்தது. "மாதா கைவிடல பாத்தியா ஏளா" என்றார் மாமியார். "தண்ணி வந்துட்டுல்லா, பெறகு என்ன, இரி அங்கனயே. இந்தச் சனிக்கிழம ரெண்டு முழம் கூடப் போடு."

நான் சரி அத்தை என்றேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது. சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செய்தித்தாளும் ஒரு பையும் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் பந்தைச் சுற்றி உள்ளே வைத்தார்.

"இனிமே சனிக்கிழமைக்கு சனிக்கிழமை நீங்களே வந்து பழைய மாலைய வாங்கிட்டுப் போங்க அத்தான், கடல்ல போட" என்றேன்.

அவருக்கு மறுக்க வழியில்லை. மறுத்தால் அத்தையிடம் மாலையைப் பற்றி நான் சொல்லிவிடலாம்; பாசி என்று பொய் சொன்னது அவர்தான்.